கரும்புச் சோகை காப்பாத்துன கடல்!

ஊர் சுத்தலாம் வாங்க

மக்களே, ஒரு குட்டி க்விஸ். கடலே இல்லாத ஊர்ல பொறந்து வளர்ந்த ஒருத்தன், இந்து மகாசமுத்திரத்து நடுவுல எரிமலை கக்கி உண்டான ஒரு தீவுல போய் இறங்குறான். அவன் கண்ணுல முதல்ல என்ன படும்?

பீச்? இல்லை. எரிமலை? இல்லை. கூலிங் கிளாஸ் போட்ட வெள்ளைக்காரங்க? ம்ஹூம்.

கரும்பு!

சத்தியமா பாஸ். விமானம் தாழ இறங்கும்போது ஜன்னல் வழியா எட்டிப் பார்த்தா, ஏர்போர்ட்டைச் சுத்தி பச்சைப்பசேல்னு கரும்புக் காடு. 'அடப்பாவிகளா, நாலாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் பறந்து வந்து திரும்ப நம்ம ஊர்லயே இறக்கி விட்டுட்டாங்களா'ன்னு ஒரு நிமிஷம் திக்குனு ஆயிடுச்சு.

நமக்கு ஊர் களமருதூர். உளுந்தூர்பேட்டை பக்கம். கடல் பார்க்கணும்னா பஸ் பிடிச்சு கடலூர் சில்வர் பீச் போகணும். மலை பார்க்கணும்னா கள்ளக்குறிச்சி தாண்டி கல்வராயன் மலை ஏறணும். ஆனா கரும்பு பார்க்க எங்கேயும் போக வேணாம். மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயபாளையம்னு ஒரே மாவட்டத்துல ரெண்டு கூட்டுறவு சர்க்கரை ஆலை வெச்சிருக்கற ஆளுங்க நாம. கரும்பு டிராக்டர் பின்னாடி ஓடி ஒரு கழியாவது உருவாதவன் எங்க பக்கம் ஆம்பளையே கிடையாது. அப்படிப்பட்ட எனக்கே ஒரு தீவு கரும்பைப் பத்திப் பாடம் நடத்துச்சுன்னா நம்புவீங்களா?

தீவு பேரு மொரீஷியஸ். நம்ம ஹீரோக்கள் டூயட் பாடப் போவாங்களே, அதேதான். ஹாஸ்டல்ல என் பக்கத்துக் கட்டில் நண்பன் இப்போ அங்கே ஒரு ஹோட்டல் கிச்சன்ல வேலை பார்க்கறான். "வாடா மாப்ள, தங்க என் ரூம் இருக்கு, சாப்பாடு ஹோட்டல் சாப்பாடு. ஆனா எனக்கு வாரத்துல ஒரு நாள்தான் லீவு"ன்னான். ஆக, சுத்திப் பார்க்க மொத்தமே ஒரு நாள். தீவு முழுக்கப் பார்க்க முடியாது. தென்கிழக்குல ஆரம்பிச்சு, தெற்குக் கரை வழியா, தென்மேற்கு மூலையில முடிக்கறதா பிளான். கிளம்பலாமா?

ஊசி நிக்கும்... துணி நகரும்!

காலையில ஆறு மணிக்கு கார் ரெடி. ஓட்டுறவர் ஐம்பது தாண்டின மனுஷர். நண்பன் அவரை 'தோன்தோன்'னு கூப்பிட்டான். என்னடா இது டமாரம் மாதிரி ஒரு பேருன்னு கேட்டா, அங்கே பேசற கிரியோல் பாஷையில மாமான்னு அர்த்தமாம். அன்னிக்குப் பூரா எனக்கும் அவர் தோன்தோன் மாமாதான்.

போற வழியில ரோட்டோர மதில், வீட்டு அஸ்திவாரம், வயக்காட்டு வரப்பு... எதைப் பார்த்தாலும் கருப்புக் கல்லு. எல்லாம் எரிமலைக் குழம்பு ஆறி இறுகினது. இந்தத் தீவே அப்படி உருவானதுதான். எப்படின்னு புரியணும்னா உங்க தெரு டெய்லர் கடையை ஒரு நிமிஷம் நினைச்சுக்கோங்க. தையல் மெஷின் ஊசி ஒரே இடத்துல குத்திக்கிட்டே இருக்கும். நகர்றது துணிதான். அதனால வரிசையா தையல் விழும்.

இங்கே ஊசி, பூமிக்கு அடியில கொதிச்சுக்கிட்டு இருக்கற ஒரு சூடான இடம். துணி, அதுக்கு மேல மெதுவா நகர்ற பூமியோட மேல்தட்டு. சுமார் 6.6 கோடி வருஷத்துக்கு முன்னாடி இந்த ஊசி குத்தினது எங்கே தெரியுமா? நம்ம இந்தியாவுல! மகாராஷ்டிரா பக்கம் பரந்து கிடக்கற தக்காணக் கருங்கல் பூமி அப்போ கொட்டின குழம்புதான். அப்புறம் தட்டு நகர நகர லட்சத்தீவு, மாலத்தீவு வரிசைக்கு அடித்தளம் விழுந்துச்சு. சுமார் 80 லட்சம் வருஷத்துக்கு முன்னாடி மொரீஷியஸ் தலைதூக்குச்சு. இப்போ அந்த ஊசி, இருநூறு கிலோமீட்டர் போல தள்ளி இருக்கற ரீயூனியன் தீவுக்குக் கீழே நிக்குது. அங்கே பிடான் டி லா ஃபூர்னேஸ்னு ஒரு எரிமலை அடிக்கடி கக்கிக்கிட்டே இருக்கு. மொரீஷியஸ் எரிமலைகள் அடங்கிப் பல்லாயிரம் வருஷமாச்சு. தீவு நடுவுல கியூர்பிப் ஊர்ல ஒரு எரிமலை வாய், சுத்திலும் மரம் முளைச்சு, ஜனங்க வாக்கிங் போற இடமா மாறிடுச்சு!

இன்னொரு மேட்டர். 2017-ல விஞ்ஞானிகள் இந்தத் தீவோட பாறையில 300 கோடி வயசான சின்னச் சின்ன ஸிர்கான் துகள்களைக் கண்டுபிடிச்சதா அறிவிச்சாங்க. 80 லட்சம் வயசுத் தீவுல 300 கோடி வயசுப் பொருள் எப்படி? இந்தியாவும் மடகாஸ்கரும் ஒட்டிக்கிட்டு இருந்த காலத்து பழைய நிலத்துண்டு ஒண்ணு கடலுக்கு அடியில புதைஞ்சு கிடக்குதாம். குழம்பு மேலே வரும்போது அதைக் கொஞ்சம் சுரண்டிக்கிட்டு வந்திருக்கு. நம்ம கல்வராயன் மலையோட சார்னோகைட் பாறையும் சுமார் 250 கோடி வயசுக் கிழவிதான். எப்படிப் பார்த்தாலும் தூரத்துச் சொந்தம்!

கருப்புத் தீவுல வெள்ளை மணல்

ப்ளூ பே. பேருக்கு ஏத்த மாதிரியே நீலம். ஒரு நீலம் இல்லை மக்களே, ஏழெட்டு நீலம். கரைக்கிட்ட வெளிர் பச்சை, தள்ளிப் போகப் போக மயில் கழுத்து, அப்புறம் இங்க் பாட்டில். தூரத்துல ஒரு வெள்ளைக் கோடு. அதுதான் பவளத்திட்டு. பெரிய அலையெல்லாம் அங்கேயே முட்டி உடைஞ்சுடுது. கரைக்கு வர்றது குழந்தை தவழ்ற மாதிரி சின்ன அலை.

கால் வெச்சதும் ஒரு சந்தேகம். தீவே கருப்புக் கல்லு, மணல் மட்டும் எப்படி வெள்ளை? ரீயூனியன்ல பல பீச்சுல மணல் கருப்புதான். இங்கே வெள்ளையா இருக்கக் காரணம் பவளம். பவளங்கிறது கல்லு இல்லை, உயிர். குண்டூசித் தலையளவு பூச்சிங்க லட்சக்கணக்குல சேர்ந்து சுண்ணாம்புல கட்டின காலனி. அது உடைஞ்சு, சிப்பியோட சேர்ந்து அரைபட்டு மணலாகுது. அரைக்கற வேலையில கிளிமீனுக்கும் பங்கு உண்டு. கிளி மூக்கு மாதிரி வாயால பவளத்தைக் கறும்பித் தின்னுட்டு, ஜீரணமாகாததை மணலா வெளியே விட்டுடும். 'ஆஹா என்ன ஸாஃப்ட்'னு நீங்க உருள்ற மணல்ல கொஞ்சம் மீனோட 'அது'. பரவாயில்லை, உருளுங்க!

கண்ணாடி அடித்தளம் போட்ட படகுல ஒரு ரவுண்டு போனோம். கீழே பவளம், கோடு போட்ட மீன், ஊதா மீன். நடுநடுவே வெளிறிப்போன திட்டுகளும் தெரிஞ்சது. கடல் சூடாகும்போது பவளம் தனக்குச் சோறு போடற பாசியை வெளியே தள்ளிட்டு வெளுத்துப் போகும். சூடு சீக்கிரம் தணிஞ்சா பிழைச்சுக்கும். தணியலைன்னா சாவு. படகுக்காரர் அந்த இடத்துல மட்டும் ஒண்ணும் பேசாம இன்ஜினைக் குறைச்சார்.

சிக்னல் தேடி வந்த கப்பல்

ப்ளூ பேக்கு வடக்கே பக்கத்துலயே பாயின்ட் தெஸ்னி. கரையில நின்னு தோன்தோன் மாமா கையை நீட்டினார். "அங்கேதான். வகாஷியோ."

உங்கள்ல சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். 2020 ஜூலை 25. நாம எல்லாம் லாக்டவுன்ல லூடோ ஆடிக்கிட்டு இருந்த நேரம். ஜப்பானியருக்குச் சொந்தமான வகாஷியோங்கற முந்நூறு மீட்டர் நீளச் சரக்குக் கப்பல், நேரா வந்து இந்தப் பவளத்திட்டுல ஏறி உட்கார்ந்துடுச்சு. உள்ளே சரக்கு இல்லை. ஆனா ஓடறதுக்கான எண்ணெய் சுமார் நாலாயிரம் டன். பன்னிரண்டு நாள் கழிச்சு, ஆகஸ்ட் 6-ல எண்ணெய் கசிய ஆரம்பிச்சுது. ஏறக்குறைய ஆயிரம் டன் கடல்ல. ஆகஸ்ட் 15-ல கப்பல் ரெண்டா உடைஞ்சுது.

நடுக்கடல்ல போக வேண்டிய கப்பல் கரைக்கிட்ட ஏன் வந்துச்சு? இங்கேதான் நம்ம தலைமுறைக்கு ஒரு சூடு. கப்பலை வாடகைக்கு எடுத்திருந்த கம்பெனியே அந்த வருஷம் டிசம்பர்ல சொன்ன காரணம்: செல்போன் சிக்னல்! கரையிலேர்ந்து 22 கடல் மைல் தள்ளிப் போக வேண்டியது, முதல்ல 5 மைல்னு பாதையை மாத்தி, அப்புறம் 2 மைலுக்கு நெருங்கி வந்திருக்கு. கேப்டன் நம்ம இந்தியர். அவருக்கும் முதன்மை அதிகாரிக்கும் 2021 டிசம்பர்ல மொரீஷியஸ் கோர்ட் 20 மாசம் ஜெயில் கொடுத்துச்சு.

வீட்டை விட்டு மாசக்கணக்கா கடல்ல கிடக்கறவனுக்கு ஒரு கட்டை சிக்னல் எவ்வளவு பெரிய விஷயம்னு புரியுது. ஆனா அந்த ஒரு கட்டைக்குக் கொடுத்த விலையைப் பாருங்க. தோன்தோன் மாமா சொன்னார்: "காலையில எழுந்தா வீட்டுக்குள்ளேயே டீசல் வாடை. கடல் கருப்பா, கூழ் மாதிரி அசையாம நிக்குது. அலைச் சத்தமே இல்லை. அதுதான் பயமா இருந்துச்சு."

அப்புறம் நடந்ததுதான் மேட்டர். எண்ணெயைத் தடுக்க கடல்ல மிதவைத் தடுப்பு போடணும். கைவசம் இருந்தது பத்தாது. ஜனங்க காத்துக்கிட்டு இருக்கலை. நம்மகிட்ட என்ன இருக்குன்னு பார்த்தாங்க. கரும்பு இருக்கு!

வெட்டின கரும்புலேர்ந்து உரிச்ச சோகை. நம்ம ஊர்ல கொழுந்தாடையை மாட்டுக்குப் போட்டுட்டு, காய்ஞ்ச சோகையை வயல்லயே கொளுத்தி விடுவோமே, அதே சோகை. அதைத் துணிப் பையில அடைச்சு, நீளமா உருளை மாதிரி தைச்சு, மிதக்கறதுக்கு காலி பிளாஸ்டிக் பாட்டிலைக் கட்டி, கடல்ல இறக்கினாங்க. காய்ஞ்ச சோகை எண்ணெயை உறிஞ்சும். மஹேபூர் கடற்கரையில ஆயிரக்கணக்குல ஜனங்க. சோகையைக் கொண்டு வந்து கொட்ட ஒரு கூட்டம், அடைக்க ஒரு கூட்டம், தைக்க ஒரு கூட்டம். பள்ளிக்கூடப் பசங்க, காலேஜ் பசங்க, மீனவங்க, ஹோட்டல் வெயிட்டர்ங்க. எண்ணெயை உறிஞ்சும்னு சில பேர் தலைமுடியை வெட்டிக் கொடுத்தாங்க. கோயில், சர்ச், மசூதின்னு ஒரு பேதமும் இல்லை.

"நீங்க என்ன பண்ணீங்க மாமா?"

கையை விரிச்சுக் காட்டினார். "தைச்சேன். எனக்குத் தைக்கத் தெரியாது. பக்கத்துல ஒரு காலேஜ் பொண்ணு சொல்லிக் கொடுத்துச்சு. நாலு நாள்."

எல்லா எண்ணெயையும் சோகை தடுத்துடலை. அலையாத்திக் காட்டு வேர்ல எண்ணெய் அப்புனது அப்புனதுதான். மீனவங்க பொழைப்பு மாசக்கணக்கா படுத்துது. ஆனா அவங்க தைக்காம இருந்திருந்தா இன்னும் எவ்வளவு உள்ளே வந்திருக்கும்? எதிர்ல ஒரு குட்டித் தீவைக் காட்டினார். இல் ஓ எக்ரெத். மொத்தம் 26 ஹெக்டேர். உலகத்துல மொரீஷியஸ்ல மட்டும் இருக்கற இளஞ்சிவப்புப் புறாக்கள் வாழ்ற இடங்கள்ல ஒண்ணு. 1990 வாக்குல காட்டுல பத்து புறாதான் மிச்சம் இருந்துச்சு. கூண்டுல வளர்த்து, காட்டுல விட்டு, இப்போ நானூறுக்கு மேல. அங்கே ராட்சச ஆமைங்க வேற திரியுது. தீவோட சொந்த ஆமை இனம் அழிஞ்சு போனதால, அல்டாப்ரா தீவு ஆமைங்களைக் கொண்டு வந்து விட்டிருக்காங்க. எதுக்கு? கருங்காலிப் பழத்தைத் தின்னு விதையைப் பரப்பத்தான். ஆமை வயித்துக்குள்ள போய்ட்டு வந்த விதை நல்லா முளைக்குதாம்.

இதெல்லாம் அந்த ஜனங்களுக்கு ஏன் இவ்வளவு முக்கியம்? டோடோ இருந்த ஊர் இது. பறக்கத் தெரியாத, மனுஷனைக் கண்டா ஓடத் தெரியாத பறவை. 1598-ல டச்சுக்காரங்க வந்து இறங்கினாங்க. 1662-க்கு அப்புறம் அதைப் பார்த்ததா நம்பகமான தகவல் இல்லை. அறுபத்து நாலே வருஷம். இப்போ டோடோ இருக்கறது டி-ஷர்ட்டுலயும் சாவிக்கொத்துலயும்தான்.

கல்லைப் புரட்டினா தங்கம்!

தெற்கே க்ரி க்ரி பீச். இங்கே பவளத்திட்டுல ஒரு இடைவெளி. அதனால கடல் முழுக் கோபத்தோட கருப்புப் பாறையில மோதுது. குளிக்கத் தடை. ஒரே ஒரு போட்டோ, கொஞ்சம் உப்புத் தண்ணி சாரல், நடையைக் கட்டு. திட்டு இருந்தா என்ன, இல்லாட்டி என்னன்னு பத்து நிமிஷத்துல புரியற இடம்.

மேற்கே திரும்பினா ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் மறுபடி கரும்பு. வயல் நடுவுல அங்கங்கே கருங்கல்லு மலை மாதிரி குவிஞ்சு கிடக்குது. ஆள் உயரம், ரெண்டு ஆள் உயரம். "இது என்ன மாமா, கோயிலா?"

"ஒரு வகையில கோயில்தான்"னார். எரிமலைக் கல்லு நிறைஞ்ச பூமியில கரும்பு நடணும்னா முதல்ல கல்லைப் பொறுக்கணும். பொறுக்கினவங்க முதல்ல அடிமைங்க. 1835 பிப்ரவரி 1-ல அங்கே அடிமை முறை ஒழிஞ்சுது. ஒழியறதுக்கு முன்னாடியே, 1834-லேர்ந்து, இந்தியாவுலேர்ந்து ஒப்பந்தக் கூலிங்களை இறக்க ஆரம்பிச்சுட்டாங்க. கல்கத்தா, பம்பாய், மெட்ராஸ்னு மூணு துறைமுகத்துலேர்ந்தும் கப்பல். சுமார் நாலரை லட்சம் பேர். போர்ட் லூயிஸ் துறைமுகத்துல அவங்க ஏறி வந்த பதினாறு கல் படி இன்னும் இருக்கு. ஆப்ரவாசி காட்னு பேர். 2006-ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம் ஆச்சு.

அந்த ஊர்ல கல்லைப் புரட்டினா தங்கம் கிடைக்கும்னு ஆசை காட்டித்தான் கூட்டிக்கிட்டு வந்தாங்கன்னு தலைமுறை தலைமுறையா சொல்றாங்க. புரட்டினாங்க. தங்கம் இல்லை. அடுத்த கல்லைப் புரட்டினாங்க. அதுதான் இந்தக் குவியல். 'அந்தக் காலத்துக் கதை'ன்னு தள்ளிடாதீங்க. நம்ம கல்வராயன் மலை ஜனங்க ஜாகிர்தார்கள் பிடியிலேர்ந்து விடுபட்டது 1976-லதான்.

தமிழர்கள் அதுக்கும் முன்னாடியே போனவங்க. 1735-ல கவர்னரா வந்த லா பூர்தொனே காலத்துலேயே பாண்டிச்சேரி பக்கத்து கொத்தனார், கைவினைக்காரங்க போய் போர்ட் லூயிஸைக் கட்டறதுல கை கொடுத்தவங்க. இப்போ அவங்க பேரன் பேத்திங்க கிரியோலும் ஃபிரெஞ்சும் பேசறாங்க. கடை போர்டைப் பார்த்தா ஃபிரெஞ்சு ஸ்பெல்லிங்குல நம்ம முத்துசாமி, குப்புசாமி, வீரப்பன்! பாஷை போனாலும் நாக்கு மறக்கலை. ரசத்தை 'ரசோன்'ங்கறாங்க. முருங்கைக் கீரை 'ப்ரேத் முரூம்'. கறிவேப்பிலை 'காரிபுலே'. வாழை இலையில ஏழு கறி. தைப்பூசக் காவடிக்கு அரசாங்க விடுமுறை. நமக்கே தமிழ்நாட்டுல 2021-லதான் தைப்பூச லீவு கிடைச்சுது, ஞாபகம் இருக்கா?

மத்தியானம் ரோட்டோரக் கடையில தால் பூரி. பருப்பு வெச்ச மெல்லிசு பூரி, உள்ளே கிழங்குக் குழம்பு, காரச் சட்னி. காசு கொடுக்க தோன்தோன் மாமா நூறு ரூபாய் நோட்டை எடுத்தார். அதுல இருக்கற படம் ரெங்கநாதன் சீனிவாசன், தமிழ் வம்சாவளி வக்கீல், அரசியல் தலைவர். இங்கிலீஷ், தமிழ், ஹிந்தின்னு மூணு பாஷையில எழுத்து. 1998-ல அச்சடிச்ச புது நோட்டுல வரிசை மாறி தமிழ் கீழே போயிடுச்சு. தமிழர்கள் கொதிச்சுப் போராட, அந்த நோட்டையே வாபஸ் வாங்கி வரிசையைச் சரிபண்ணி வெளியிட்டாங்க.

மாமா நோட்டை என்கிட்ட நீட்டினார். "இதுல என் பாஷையில என்ன எழுதியிருக்கு? வாசி."

"நூறு ரூபாய்."

"நூ... று... ருபாய்." மூணு தடவை சொல்லிப் பார்த்தார். அப்புறம் சிரிச்சுக்கிட்டே கடைக்காரர்கிட்ட நோட்டைக் கொடுத்துட்டார். இந்த எழுத்து முதல்ல வரணும்னு சண்டை போட்ட தலைமுறை அவரோடது. ஆனா வாசிக்கத் தெரியாது. தமிழ்நாட்டுல பொறந்து, தமிழ்ல ஒரு லீவ் லெட்டர் எழுதத் திணர்ற நாம அவரைப் பார்த்து 'உச்' கொட்ட முடியுமா?

ஏழு கலர் மண்... ஒரு கருப்பு மலை

சாயங்காலத்துக்குள்ள ஷாமரெல். எரிமலைப் பாறை மக்கி, உள்ளே இருந்த இரும்பும் அலுமினியமும் நிறம் மாறி, சிவப்பு, பழுப்பு, ஊதா, மஞ்சள்னு ஏழு நிறத்துல மண்மேடு. நம்ம வீட்டு மார்கழிக் கோலத்தை யாரோ மலை சைஸுக்குப் போட்ட மாதிரி. பக்கத்துல ஒரு அருவி, பாறை விளிம்புலேர்ந்து நேரா விழுது. மண்ணு மேல கால் வைக்க முடியாது, சுத்தி வேலி. முன்னாடி ஜனங்க நடந்தது போதும்னு நிறுத்திட்டாங்க. வேலிக்கு வெளியே நின்னே பார்க்கறாங்க. யாரும் எட்டிக் குதிக்கலை.

சூரியன் சாயற நேரத்துல லெ மோர்ன். கடலோரத்துல 556 மீட்டர் உயரத்துக்கு ஒத்தையா நிக்கற கருப்பு மலை. தப்பி ஓடின அடிமைங்க ஒளிஞ்சு வாழ்ந்த இடம். 2008-ல இதுவும் யுனெஸ்கோ பட்டியல்ல சேர்ந்துச்சு. விடுதலைச் செய்தியைச் சொல்ல வந்த போலீஸைப் பார்த்து, பிடிக்கத்தான் வர்றாங்கன்னு பயந்து மேலேர்ந்து குதிச்சுட்டாங்கன்னு ஒரு கதை சொல்றாங்க. கீழே அலையில பசங்க கைட் சர்ஃபிங் பண்றாங்க. கலர் கலரா பட்டம். சூரியன் தண்ணியில கரையுது. செம சீன். நான் போனை எடுத்தேன். ஃபுல் சிக்னல். ஏனோ வெக்கமா இருந்துச்சு. திரும்ப பாக்கெட்ல வெச்சுட்டேன்.

உங்ககிட்ட மட்டும் ஒரு விஷயம்

இவ்வளவு நேரம் கூடவே வந்தீங்க. அதனால சொல்றேன்.

காலேஜ் ரெண்டாம் வருஷம், நாங்க எட்டு பேர் நாலு பைக்ல கல்வராயன் மலை போனோம். கோமுகி அணை, வெள்ளிமலை, கடைசியா மேகம் அருவி. குளிச்சோம், பிரியாணி பொட்டலம் பிரிச்சோம், ஆட்டம் போட்டோம். அப்புறம் ஒரு போட்டி. காலி பாட்டிலை எறிஞ்சு எதிர்ப் பாறையில யார் சரியா அடிக்கறாங்கன்னு. நான்தான் ஜெயிச்சேன். மூணுக்கு மூணு.

கிளம்பும்போது ஒரு மலைக்காரப் பாட்டி அங்கே குனிஞ்சு கண்ணாடிச் சில்லைப் பொறுக்கி முந்தானையில போட்டுக்கிட்டு இருந்தாங்க. நாங்க வண்டியை உதைக்கறதைப் பார்த்துட்டு நிமிர்ந்தாங்க. திட்டலை. "மாடு தண்ணி குடிக்கற எடம் கண்ணு"ன்னாங்க. அவ்வளவுதான்.

நாங்க சிரிச்சுக்கிட்டே வந்துட்டோம். அந்தப் பாட்டி முகம் மொரீஷியஸ்ல, தோன்தோன் மாமா கையை விரிச்சுக் காட்டினாரே, அப்போதான் ஞாபகத்துக்கு வந்துச்சு. காலி பாட்டில் அங்கேயும் இருந்துச்சு, இங்கேயும் இருந்துச்சு. அவங்க அதைக் கட்டி ஒரு கடலை மிதக்க வெச்சாங்க. நான் அதை உடைச்சு ஒரு கிழவியைக் குனிய வெச்சேன்.

மொரீஷியஸுக்கு எல்லாராலயும் போக முடியாது. கள்ளக்குறிச்சி போக பஸ் காசுக்கே நண்பன்கிட்ட கை நீட்டற ஆளுங்க நாம. பரவாயில்லை. நமக்கு மேகம் அருவி இருக்கு, பெரியார் அருவி இருக்கு, 250 கோடி வருஷத்துப் பாறை இருக்கு. கச்சிராயபாளையம் வழியா ஏறினா ஒரே நாள்ல போய்ட்டு வந்துடலாம். காலையில சீக்கிரம் கிளம்புங்க. மழைக் காலத்துல தண்ணி திடீர்னு பெருகும், பாறை வழுக்கும். அருவிக்கு நேர் கீழே போய் நிக்காதீங்க. கூடவே ஒரு காலி கோணிப் பை எடுத்துக்கோங்க.

நான் ஊருக்கு வந்த அடுத்த ஞாயித்துக்கிழமை போனேன். பழைய எட்டு பேர்ல மூணு பேர்தான் வந்தாங்க. மத்தவனுக்கெல்லாம் 'வேலை இருக்குடா'. மதியம் வரைக்கும் பொறுக்கினதுல ரெண்டு கோணி நிறைஞ்சுது. பாறை இடுக்குல இன்னும் நிறைய கிடக்குது. பாட்டியைத் தேடினேன். அவங்க பேரும் தெரியாது, ஊரும் தெரியாது, யார்கிட்ட என்னன்னு விசாரிக்கறது? ஒரு மாடு மட்டும் வந்து தண்ணி குடிச்சுட்டுப் போச்சு.

அடுத்த மாசமும் போறோம். கோணி எங்ககிட்ட இருக்கு. நீங்க வந்தா போதும்.

வரட்டா!